கரும்பாறையின் கடைசிப் பக்கம்

என் தங்கச்சி எல்சியின் புருஷன் கிறிஸ்தோபர் என்னை ஆறு வருஷம் கடற்கொள்ளைக்காரனாக வைத்திருந்தார். அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கடைசியில் தூக்கில் போடப் பார்த்தாரே, அதற்குத்தான் கோபம். அந்தக் கோபத்தில் நான் செய்த வேலையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுவில் என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள். எல்சி ஏற்கெனவே தொடக்கிவைத்துவிட்டாள்.

கிறிஸ்தோபர் திருகோணமலைத் துறைமுகத்தில் பெயின்டர். மிதவைகளுக்கு இலக்கம் போடுவது, வள்ளங்களுக்குப் பேர் எழுதுவது, எண்ணெய்த் தாங்கிகளில் 'புகைபிடிக்கக் கூடாது' என்று எழுதுவது அவருடைய வேலை. அப்படி எழுதி முடித்த கையோடு அதன் கீழேயே குந்தியிருந்து பீடி பற்றவைத்து ஒருமுறை பிடிபட்டவர். ஏன் அப்படிச் செய்தீர் என்று துரை கேட்டதற்கு, எழுத்து காயும்வரை செல்லாது என்று நினைத்தேன் என்றாராம். ஆள் அப்படித்தான்.

சுதந்திரம் கிடைத்த பிறகும் வெள்ளைக்கார நேவி ஒன்பது பத்து வருஷம் இங்கேதான் கிடந்தது. கப்பற்காரர் வாசித்து எறிந்த படக்கதைப் புத்தகங்கள் பழைய கடதாசியோடு கட்டுக்கட்டாக லாபிரின் பலசரக்குக் கடைக்கு வரும். லாபிர் அவற்றைப் பிய்த்து மல்லியும் மிளகாயும் சுற்றிக் கொடுப்பார். கிறிஸ்தோபர் படம் கீறப் பழகியது அந்தத் தாள்களைப் பார்த்துத்தான். வீட்டில் மிளகாய் வாங்கிவரச் சொல்லி அனுப்பினால், மேலே கிடக்கும் தாள் பிடிக்காவிட்டால் நல்ல தாள் வரும்வரை ஒதுங்கி நின்று மற்றவர்களுக்கு வழிவிடுவாராம். ஒரு தாளில் ஒரு முகமூடிக்காரன் பாலத்திலிருந்து ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தான். அடுத்த தாள் யார் வீட்டுச் சீனியோடு போனதோ, யார் கண்டது? கிறிஸ்தோபருக்குக் கலியாணமாகி மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகும் அந்த மனுஷன் தொங்கிக்கொண்டுதான் இருந்தான். அவனுக்குக் கை உளையாதோ என்று அவர் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து யோசிப்பார். எல்சி அகப்பையால் மேசையில் தட்டி அவரைத் திருப்பிக் கொண்டுவருவாள்.

ஆகவே, படக்கதை என்றால் முன்னும் பின்னும் இல்லாத ஒரு தாள் என்றே அவர் நம்பியிருந்தார். அறுபத்தெட்டில் அப்படி ஒரு தாளைக் கீறிக் கொழும்பிலுள்ள ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினார். கப்பல் ஒன்று, பெண் ஒருத்தி, அவளைக் கடத்த வரும் கொள்ளைக்காரன். தலைப்பு 'ஏழாம் நங்கூரம்'. மற்ற ஆறும் எங்கே என்று அவருக்கும் தெரியாது. தன் அளவில் கதை நிறைவு என்று நிம்மதியாக இருந்தார். பத்திரிகை வந்தபோது பக்கத்தின் அடியில் 'தொடரும்' என்று ஆசிரியர் அச்சடித்திருந்தார். மறுநாள் தந்தி வந்தது, அடுத்த பக்கத்தை உடனே அனுப்பவும் என்று. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. அந்த ஒரு சொல்லுக்காக மனுஷன் ஆறு வருஷம் ஒவ்வொரு வாரமும் கீறினார்.

இரண்டாவது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் வந்துகொண்டிருந்த வேறொருவரின் தொடர்கதை முடிந்தது. கீழே 'முற்றும்' என்று போட்டிருந்தார்கள். கிறிஸ்தோபர் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கதைக்கு இப்படி ஒன்று உண்டென்பது அவருக்குப் புதினமாக இருந்தது. 

"இதைப் போட்டாப் பிறகு அந்தக் கதை ஆக்கள் என்ன செய்வினம் மச்சான்?"

நித்திரை கொள்ளுவார்கள், வேறென்ன என்றேன். அவர் அந்தச் சொல்லை விரலால் தடவிப் பார்த்தார். ஊர் முழுக்க எழுத்து எழுதுகிற மனுஷன், ஒரு எழுத்தை அப்படிப் பார்த்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

"ஒருக்கா, ஒரேயொருக்கா, என்ரை கதைக்கு நான் முற்றும் போடவேணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

அன்றைக்கு நான் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவரிடம் ஒரு குறை. கற்பனையில் முகம் கீற ஏலாது. கண்ணால் காணும் முகத்தைத்தான் கீறுவார். எனவே கதாநாயகி முத்தழகிக்கு எல்சியின் முகம். கதாநாயகன் மாலுமி மதனுக்கு ஹிஸ்புல்லாவின் முகம். ஹிஸ்புல்லா கிண்ணியாப் பாதையில் வேலை செய்தவன். குடாவைக் கடக்க ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். நல்ல வடிவான ஆள், அது அவனுக்கும் தெரியும். கொள்ளைக்காரன் கரும்பாறைக்கு என் முகம், இந்த யோசேப்பின் முகம். என்னிடம் கேட்கவே இல்லை. ஒருநாள் பத்திரிகையை விரித்தால், ஒரு கண்ணில் துணி கட்டிக்கொண்டு நான் கத்தியோடு நிற்கிறேன்.

முதலில் கொதித்தேன். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நான் ஜெற்றியில் மூட்டை எண்ணும் கிளாக்கர். பதினைந்து வருஷமாக என் சொல்லை மூட்டை தூக்கும் ஒரு நாட்டாமையும் மதித்ததில்லை. கரும்பாறை வந்த பிறகு, அதே ஆட்கள் என்னைக் கண்டதும் பீடியை மறைத்தார்கள். சீமெந்து ஒரு மூட்டைகூடக் குறையவில்லை. பேக்கரிப் பாண் வரிசையில் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். கரும்பாறை ஒரு கிராமத்தைக் கொளுத்திய வாரம், எனக்குக் கடன் தரமாட்டேன் என்றிருந்த தேத்தண்ணிக் கடைக்காரன் கதிரையைத் துடைத்துப் போட்டான். யோசேப்பாக இருந்து கிடைக்காத மரியாதை அது. நானும் கொஞ்சம் மீசை வளர்த்தேன், பொய் சொல்வானேன்.

எழுபத்துநாலில் கடதாசித் தட்டுப்பாடு. பத்திரிகை நிற்கப் போகிறது, நாலு வாரத்தில் கதையை முடிக்கவும் என்று ஆசிரியர் எழுதினார். கிறிஸ்தோபருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று வாரம் கலியாண ஏற்பாடு, நாலாவது வாரம் முற்றும் என்று திட்டம் போட்டார். கதையில் மதனுக்கும் முத்தழகிக்கும் கலியாணம் என்று பறையடித்து அறிவிக்கவேண்டும். எங்கள் வேதக்கோயிலில் கேட்டுக் கேட்டுப் பழகிய மனுஷன், வசனத்தை அப்படியே எழுதிவிட்டார்: 'இக்கலியாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள்.' அங்கே ஒரு கலியாணம் நடக்குமுன் அதை அறிவிக்கும் ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இவருடைய பத்திரிகையும் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். மூன்று ஞாயிறும் அதே வசனம் வந்தது.

மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்ததும், பீடத்துக்குப் பூ வைக்கும் றீற்றா அக்கா சுவாமியாரிடம் போய்த் தடை அறிவித்தா. மணப்பெண் ஏற்கெனவே கலியாணம் செய்தவள், அந்தக் கலியாணத்தில் புரியாணி சாப்பிட்டவள் நான் என்று சாட்சியும் சொன்னா. சுவாமியார் ஒழுங்கு பார்க்கிற மனுஷன். தடை என்று ஒன்று வந்தால் விசாரிக்காமல் விடமுடியாது என்று கிறிஸ்தோபரை அழைத்து, உம்முடைய மனைவியை இன்னொருவருக்குக் கட்டிவைக்க நீர் சம்மதமோ என்று கேட்டார். கிறிஸ்தோபர் யோசித்துவிட்டு, கதைக்குத் தேவையென்றால் சம்மதம் என்றார். அதைக் கேள்விப்பட்ட எல்சி மூன்று நாள் குசினிக்குள் போகவில்லை. அதற்குள் ஹிஸ்புல்லாவின் மனைவி உம்மு குல்சும் பாதையில் ஆளனுப்பினா, தன் புருஷன் பேப்பரில் இரண்டாம் கலியாணம் முடிக்கத் தான் இடங்கொடுக்க மாட்டேன் என்று. ஹிஸ்புல்லாவோ, கலியாணம் வேண்டாம் என்றால் சரி, ஆனால் தான் தோற்றுப்போகக் கூடாது என்றான்.

கிறிஸ்தோபர் ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை. எல்லாருக்கும் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் லீவு போட்டு அறைக்குள் இருந்தார். நாலாம் நாள் கடித உறையை என் கையில் தந்தார். ஜெற்றிக்குப் போகும் வழியில் தபால் கந்தோர் இருந்ததால் ஒவ்வொரு வாரமும் நான்தான் அதைத் தபாலில் சேர்ப்பது. ஒவ்வொரு வாரமும் பசை காயுமுன் உறையைத் திறந்து வாசிப்பதும் நான்தான். அதை அவர் அறியார்.

அன்றைக்கும் தேத்தண்ணிக் கடையில் வைத்துத் திறந்தேன். உள்ளே ஒரு தடித்த தாள். கரும்பாறையைப் பாய்மரத்தில் நிறுத்திக் கழுத்தில் கயிறு மாட்டியிருந்தார்கள். நாட்டாமைமார் போலவே இருந்த ஒரு கூட்டம் கைதட்டிக்கொண்டு நின்றது. கடைசிக் கட்டத்தில் என் முகம் மட்டும் பெரிதாக. மதன் கையை உயர்த்துகிறான். அவ்வளவுதான்.

ஊரார் எல்லாருக்கும் இரங்கிய மனுஷன் என்னை மட்டும் கேட்காமல் கொன்றுவிட்டார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை ஜெற்றிக்கு எப்படிப் போவது? தூக்கில் தொங்கினவனுக்கு யார் பீடியை மறைப்பான்? முற்றும் என்ற சொல் எங்கே என்றுகூட நான் தேடவில்லை. உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய் ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். அனுப்பிவிட்டேன் என்று கிறிஸ்தோபரிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சேட்டு மாற்றி, தலை வாரி இழுத்து, கலியாணத்துக்குப் போகிறவர்போலப் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பத்திரிகை வாங்கினார். அவருடைய கதை வரும் இடத்தில் சவர்க்கார விளம்பரம் இருந்தது. அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறு பத்திரிகையே வரவில்லை. தபாலில் தவறியிருக்கும் என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். அதற்குப் பிறகு அவர் தூரிகையைத் தொட்டது மிதவைக்கும் வள்ளத்துக்கும் மட்டும்தான். எனக்கு ஜெற்றியில் மரியாதை குறையவில்லை, ஆனால் அவர் வீட்டில் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

எழுபத்தெட்டுச் சூறாவளி மட்டக்களப்பைத் தூக்கிப்போட்டது. எங்களுக்கு அதன் வால் அடித்தது. என் கூரையில் ஆறு ஓடு போய், ட்ரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் நின்றது. உறையை எடுத்து உதறினேன். ஒரு தாள் இரண்டு தாளாக விழுந்தது.

விஷயம் இதுதான். கிறிஸ்தோபர் வசனங்களைத் தனித்துண்டுகளில் எழுதிப் படத்தின்மேல் ஒட்டுவார். கோதுமை மா தட்டுப்பாடு வந்தபோது, பசை கிண்ட ஒரு கரண்டி மாவும் தரமாட்டேன் என்று எல்சி மா வைத்திருந்த தகரத்துக்கு மேலேயே ஏறி இருந்துவிட்டாள். அவர் விளாம்பிசினைக் கரைத்துத் தடவினார். அது லேசில் காயாது. கடைசி வாரத்துக்கு ஆசிரியர் இரண்டு பக்கம் கொடுத்திருந்ததும் எனக்குத் தெரியாது. ஒன்றன்மேல் ஒன்று வைத்த இரண்டும் ஒட்டிப்போக, நான் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன். ஜெற்றியில் பெட்டிகளுக்கு இலக்கம் போட வைத்திருந்த மையை நான்தான் அவருக்குக் கொடுத்தது. அது தண்ணீரில் கரையாத மை, ஒரு கோடும் அழியவில்லை.

இரண்டாம் பக்கத்தில் முத்தழகி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவருகிறாள். கயிற்றைப் பிடிக்கிறாள். கரும்பாறையின் கண்ணில் கட்டியிருந்த துணியை அவிழ்க்கிறாள். 'நிறுத்துங்கள். இவர் என் அண்ணன்' என்கிறாள். மதன், தனக்கு ஊரில் மனைவி காத்திருக்கிறாள், தான் வந்தது நங்கூரத்துக்கு மட்டும் என்று சொல்லித் தலைநிமிர்ந்து போகிறான். கடைசிக் கட்டத்தில் அண்ணனும் தங்கச்சியும் ஒரு சின்ன வள்ளத்தில் கரைக்கு வருகிறார்கள். கீழே, எண்ணெய்த் தாங்கியில் எழுதுவதைவிட வடிவாக, முற்றும்.

அந்த ஈரத்தரையில் இருந்து நான் அழுதேன். எல்லாருடைய தடையையும் ஒரே கோட்டில் தீர்த்த மனுஷன், அந்தத் தீர்வுக்கு என்னைத்தான் நம்பியிருந்தார்.

அவர் ஜெற்றிப் பக்கம் ஒரு மிதவைக்குச் சிவப்புப் பூசிக்கொண்டிருந்தார். தாள்களை நீட்டி, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். ஏச்சுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார்.

"நீங்கள் இதைக் கடைசி வரைக்கும் வாசிச்சனீங்களோ?"

"ஓம்."

"அப்ப ஒரு ஆளாவது முடிவு வாசிச்சிட்டியள்," என்றார்.

எனக்கு இரண்டு அறை விழுந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். அச்சடிக்கப் பத்திரிகை ஏது? நான் அவரிடம் கேட்டு இரண்டு தாளையும் வாங்கிக்கொண்டு லாபிரின் கடைக்குப் போனேன். வயது போன லாபிர் முழுவதையும் வாசித்தார். தன் கடையிலிருந்து எத்தனையோ கதையைப் பாதியில் அனுப்பிய பாவம் இருக்கிறது, ஒன்றாவது முடியட்டும் என்று சொல்லி, தராசுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினார். ஊர் வந்து வாசித்தது. ஹிஸ்புல்லா மனைவியையும் கூட்டிவந்து, தான் தோற்கவில்லை என்று காட்டினான். றீற்றா அக்கா நேரே சுவாமியாரிடம் போய், நாலு வருஷத்துக்கு முந்திய தடையை முறைப்படி வாபஸ் வாங்கினா.

ஜெற்றியில் இப்போது என் முன்னாலேயே பீடி பற்றவைக்கிறார்கள். மூட்டையும் குறைகிறது. கேட்டால், "விடுங்கோ அண்ணை" என்கிறார்கள். எல்லாருக்கும் அண்ணனாகிவிட்டேன், எல்சிக்கு மட்டும்தான் இன்னும் இல்லை.

கிறிஸ்தோபர் கூட்டம் கலைந்த பிறகுதான் கடைக்கு வந்தார். மல்லி வாங்க வந்தவர்போல ஓரமாக நின்று, முதற் கட்டத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் என் தோளில் தட்டி, மூலையைக் காட்டினார். அதையும் நான் பார்க்கத் தவறியிருந்தேன். வள்ளத்துக்கு அப்பால், தூரத்தில், நகத்தளவில் ஒரு பாலம். அதன்மேல் ஒரு முகமூடிக்காரன் காலை நீட்டி இருந்து, ஒரு கையால் மற்றக் கையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஆளை ஏத்திப்போட்டன் மச்சான்," என்றார். "இனி நித்திரை கொள்ளட்டும்."