படகு ஆணி மோதிரம்

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கடலூரில் குடிகாட்டுப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். கெமிக்கல் கம்பெனிகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இதையும் அதையும் கடைந்து கொடுப்பது வேலை. எந்த இரும்பையும் கையில் வாங்கியதுமே இன்னது என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது. அந்தத் திமிர்தான் கடைசியில் மாமாவின் விரலில் போய் நின்றது.

மாமா என்றால் அக்கா புருஷன். சிதம்பரத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஏழரைச் சனி, பழைய படகிலிருந்து பிடுங்கிய ஆணியில் மோதிரம் செய்து போட்டால் நல்லது என்று யாரோ சொல்ல, அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் கடலூர்லயே கெடக்குறியே, தேவனாம்பட்டினம் போயி ஒரு ஆணி வாங்கியாந்து அடிச்சுக் குடுடா."

போனேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். "இப்ப எல்லாம் பைபர் படகு தம்பி. ஆணிக்கு நாங்க எங்க போவோம்?" மரப்படகு இருக்கிற ஊராகத் தேடிப் போயிருக்கலாம். சோம்பேறித்தனம். பட்டறையில் கிடந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்புத் துண்டில் ஒரு வளையம் கடைந்து, கேஸ் நெருப்பில் காட்டிக் கறுப்பாக்கி, படகு ஆணிதான் என்று சத்தியம் பண்ணாத குறையாகக் கொடுத்தேன். அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாமாவின் நடுவிரலில் போட்டுவிட்டாள். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்று பெருமைதான்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் காலையில் அக்காவிடமிருந்து போன். கடை ஷட்டரைத் தூக்கும்போது மாமாவின் விரலில் குளவி கொட்டிவிட்டது. விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை. சோப்பு, எண்ணெய், நூல் சுற்றி இழுப்பது எல்லாம் பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரியில் மோதிரம் வெட்டுகிற சின்னச் சக்கரத்தை வைத்து அரை மணி நேரமாக அறுக்கிறார்களாம், கோடுகூடச் சரியாக விழவில்லையாம்.

"விரலு நீலம் பாரிச்சுப் போச்சுடா. ரத்த ஓட்டம் வரலன்னா விரல எடுக்கற மாதிரி ஆயிடும்னு டாக்டரம்மா சொல்றாங்க. சாதா இரும்புதாங்க, படகு ஆணிதாங்கன்னு சொன்னேன். அப்ப அறுந்துடும்னு மறுபடியும் அறுக்குறாங்க."

தங்கம், வெள்ளியை வெட்டுகிற சக்கரம் அது. ஆணியாக இருந்திருந்தால் கஷ்டப்பட்டாவது அறுந்திருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அந்த ஜாதியில்லை. மழுங்கின பிளேடால் தேய்க்கத் தேய்க்க, தேய்த்த இடம் இன்னும் கெட்டிப்படும். எத்தனை டிரில் பிட்டை இதில் நாசமாக்கியிருக்கிறேன்! என் பொய்யை நம்பித்தான் அவர்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். விரல் போனால் ஒரு தையல்காரர் என்ன செய்வார்?

"அக்கா, மொதல்ல நிறுத்தச் சொல்லு. அது படகு ஆணி இல்ல."

"என்னடா சொல்ற?"

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீலு. நான்தான் பொய் சொன்னேன். திட்டுறத அப்பறமா திட்டு. டாக்டரம்மாகிட்ட போனக் குடு."

டாக்டரம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "இத வெட்டுறதுக்கு உங்ககிட்ட எதாவது இருக்கா?" இருக்கிறது என்றேன். "அப்ப உடனே எடுத்துட்டு வாங்க."

இரும்பு அறுக்கிற கையடக்க கிரைண்டரையும், விரலில் படாமல் நடுவே செருக மெல்லிய தகடுகளையும் பையில் போட்டுக்கொண்டு பைக்கை விரட்டினேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு போன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

மாமா கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். விரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவே தகட்டை மெதுவாகச் செருகிவிட்டு, மேலே கிரைண்டரை வைத்தேன். நர்ஸ் ஊசிக்குழலில் குளிர்ந்த தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார். இந்த உலோகத்தில் சூடு சீக்கிரம் பரவாது, அறுக்கிற இடத்திலேயே தங்கும், தண்ணீர் நின்றால் விரல் வெந்துவிடும். இரண்டு நொடி தொடுவேன், எடுத்துவிடுவேன். மறுபடி தொடுவேன்.

"சுடுதா மாமா?"

"ஒண்ணும் தெரியல மச்சான். மரத்துப் போச்சு. நீ பாட்டுக்குப் போடு."

சுடுகிறது என்று கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஒரு பக்கம் அறுந்தது. தங்கமாக இருந்தால் அதோடு இழுத்து விரித்துவிடலாம். இது ஸ்பிரிங் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. மறுபக்கமும் அறுத்தேன். இரண்டு துண்டும் தட்டில் விழுந்தன.

டாக்டரம்மா நகத்தை அழுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. அப்புறம் மெல்ல ஒரு சிவப்பு ஏறியது. "ஐயையோ, எரியுதே! வலி உயிரு போவுதே!" என்று மாமா போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது. அக்கா அழுதாள். நானும்தான் அழுதேன், அதிலென்ன வெட்கம்?

விரலுக்கு ஆபத்தில்லை என்று சொல்லி மருந்துச் சீட்டு கொடுத்தார்கள். அக்கா மருந்து வாங்கப் போனதும் மாமாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மன்னிச்சுடுங்க மாமா. ஆணின்னு சொல்லி ஏமாத்திட்டேன்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் மச்சான்" என்றார்.

தையல் கடையில் கீழே சிந்துகிற ஊசிகளை அவர் காந்தத்தை வைத்துத்தான் பொறுக்குவார். மோதிரம் போட்ட முதல் நாளே காந்தம் ஊசியையெல்லாம் இழுத்திருக்கிறது, மோதிரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். இரும்பு ஆணியென்றால் ஒட்டாமல் எங்கே போகும்?

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "தெரிஞ்சுமா வாயத் தொறக்காம இருந்தீங்க? டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே எனக்கு போன் வந்திருக்கும். விரலு போயிருந்தா?"

"எப்படிச் சொல்றது மச்சான்? என் தம்பி கடலோரமெல்லாம் அலைஞ்சு திரிஞ்சு கொண்டாந்த ஆணின்னு, உங்க அக்கா பக்கத்துலயே நின்னு நர்ஸம்மாகிட்ட பெருமையா சொல்லிகிட்டு இருந்துச்சு."