நீரு சாக்கு

“மேற்குச் சுவர்ப் பூச்சு. நீரு சாக்கு!” என்று 1956 மே மாத நாட்குறிப்பில் ஆச்சரியக்குறியோடு எழுதியிருக்கிறேன்.

ஓசூரில் நானும் மனைவியும் கூட நின்று கட்டிய வீட்டின் கடைசிச் சுவர் அது. முந்தைய சுவரின் சுண்ணாம்புப் பூச்சு காற்றில் சீக்கிரம் காய்ந்து, இரண்டே நாளில் வெடித்துவிட்டது. மிச்சமிருந்த சுண்ணாம்பு இந்த ஒரு சுவருக்குத்தான் காணும். இதுவும் வெடித்தால் மழைக்கு முன் குடிபோக முடியாது.

நான் கலவையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சாரத்தின்மேல் நின்ற கன்னட மேஸ்திரி, “நீரு சாக்கு! நீரு சாக்கு!” என்று கத்தினார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த நான், ஓடிப்போய் ஒரு கோணிச் சாக்கைத் தொட்டியில் முக்கி, சொட்டச் சொட்டத் தூக்கி வந்தேன்.

மேஸ்திரி சாரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அய்யோ சாமி! தண்ணி போதும்னு சொன்னா, சாக்கைக் குளிப்பாட்டிக்கினு வர்றீங்களே!”

“குளிச்சது குளிச்சிருச்சு. பூச்சு இறுகுனதும் செவுத்து மேல தொங்கவிடுங்க, காத்தாவது படாம இருக்கும்” என்றாள் மனைவி.

வீட்டிலிருந்த சாக்குகளையெல்லாம் தொங்கவிட்டு, ஏழு நாளும் நனைத்தோம். எட்டாம் நாள் எடுத்துப் பார்த்தால் மயிரிழை விரிசல்கூட இல்லை! மேஸ்திரியே தடவித் தடவிப் பார்த்தார். அந்த வாரமே பால் காய்ச்சினோம். சுண்ணாம்பு பூசுகிற எல்லோருக்கும் அன்றுமுதல் ஈரச்சாக்கைத்தான் சொல்கிறேன்.

ஆனால் அந்த ஏழு நாளும் காற்று அடித்ததா என்று நாட்குறிப்பில் இல்லை. சுவரைக் காத்தது சாக்கா, காற்றில்லாத வாரமா என்பதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.