மதகு வரைக்கும் தள்ளவேண்டிய கார்

மாமா கோணியில் சுற்றி எடுத்துவந்த குழாயை முதலில் பார்த்தபோது, அம்மா அது ஏதோ கோயில் சாமான் என்று நினைத்துக் கிழக்குப் பார்க்க வைக்கச் சொன்னாள். நான்கு இரும்புக் குழாய்கள் தனித்தனியாகப் புறப்பட்டு, வளைந்து நெளிந்து வந்து, ஒன்றாகச் சேர்ந்து ஒரே வாலாக நீண்டன. காரின் இன்ஜினிலிருந்து புகை வெளியேறுவதற்கான குழாய் அது. சோழவரத்தில் பந்தயம் ஓடிய காரிலிருந்து கழற்றியது என்று மெட்ராஸ் புதுப்பேட்டையில் பழைய கார்ச் சாமான் விற்கும் கடைக்காரன் சத்தியம் செய்து கொடுத்தானாம். புதுப்பேட்டையில் சத்தியம் செய்யாமல் எந்தச் சாமானையும் விற்பதில்லை என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆரம்பாக்கத்துக்காரர். பெற்றவர்கள் போன பிறகு அக்காள் வீடே கதி என்று பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த எங்கள் ஊருக்கு வந்துவிட்டவர். பழவேற்காட்டில் ஒரு பாய் வீட்டுக் கொல்லையில் சின்ன ஹெரால்டு கார் ஒன்று கோழிகள் முட்டையிடும் இடமாகக் கிடந்தது. ஓடவைக்க முடிந்தால் எடுத்துக்கொண்டு போ என்று அந்த வீட்டுப் பெரியவர் சொல்ல, மாமா அதை ஓடவைத்து எடுத்துக்கொண்டு வந்தார். கும்மிடிப்பூண்டிச் சந்தையில் மீன் விற்றுவிட்டு மாலை ரயிலில் ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கும் எங்கள் ஊர்ப் பெண்களைக் கூடைகளோடு ஏற்றிவருவது அவருடைய தொழில். காருக்குள் மீன் நாற்றமும் கோழி நாற்றமும் எந்நேரமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு ஊர்க்காரனுக்கு மட்டும்தான். அக்காள் வீட்டில் வந்து ஒண்டியவனுக்குக் கிடையாது. பாடு இல்லாதவனுக்கு யாரும் பெண் கொடுப்பதும் கிடையாது. கார் ஓட்டுகிறவனுக்குக் கொடுத்தால் கார் நிற்கிற இடத்தில் பெண்ணும் நிற்கவேண்டும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இங்கே ஒன்றும் அமையாவிட்டால் மெட்ராஸுக்குப் போய் லாரி ஓட்டப்போவதாக மாமா அவ்வப்போது சொல்வார். அன்றைக்கெல்லாம் அம்மா சரியாகச் சாப்பிடமாட்டாள். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. மாமா போய்விடுவார் என்பதைத் தவிர உலகத்தில் எனக்கு வேறு பயம் இருந்ததாக நினைவில்லை.

குழாயை எங்கள் வீட்டுப் பூவரச மரத்தடியில் வைத்து மாட்டினார். அந்தக் காருக்கு முகம் முழுவதும் ஒரே மூடியாக முன்னால் சாயும். இன்ஜின் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும். பழைய வார்ப்புக் குழாய் உப்புக் காற்றில் துருவேறி இன்ஜினோடு ஒட்டிப்போயிருந்தது. நட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். ரேஷன் எண்ணெயைக் கார் குடிக்கிறது என்று அம்மா ஒரு பக்கம் புலம்பினாள். ஊறிய நட்டுகள் ஸ்பானருக்கு மசிந்தன. மசியாத ஒன்றை உளி வைத்து வெட்டி எடுத்தார். கார்புரேட்டரைக் கழற்றி ஒரு சோற்றுத் தட்டில் வைத்தார். அந்தத் தட்டில் அதற்கப்புறம் யாரும் சாப்பிடவில்லை. இன்ஜினுக்கும் குழாய்க்கும் நடுவே வைக்கிற பேக்கிங்கை, கரி தடவி அச்செடுத்து, அஸ்பெஸ்டாஸ் தகட்டில் வெட்டிக்கொண்டார். எல்லாம் சரியாக உட்கார்ந்த பிறகுதான் புதுக் குழாயின் வால் பழைய சைலன்சரோடு சேராது என்று தெரிந்தது. மாமா காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சைலன்சரையே கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, வாலைக் கம்பியால் இழுத்துக் கட்டினார்.

"பந்தயக் காருக்கு சைலன்சர் கெடையாது" என்று நைனாவிடம் சொன்னார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

காரை ஸ்டார்ட் செய்ததும் கோழிகள் கூரைமேல் ஏறின. பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது. நைனா வலைக் கிழிசலைப் பொத்துவதை நிறுத்தாமல், "வேகமா போவுதோ இல்லியோ மச்சான், வருதுன்னு தெரியுது" என்றார்.

எங்கள் ஊரிலிருந்து ஆரம்பாக்கம் போகும் வழி அப்போது ஏரிக்கரை மண்பாதை. அதில் வேகமாகப் போகவேண்டுமானால் பறந்துதான் போகவேண்டும். ஆனாலும் மாமாவுக்குப் புதுக் குழாயில் பரம திருப்தி. ஊரின் கடைசி வீடு வந்ததும் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிப்பார். ஏரித் தண்ணீர்மேல் அந்தச் சத்தம் அக்கரை வரைக்கும் போகும்.

"இங்க மேடே இல்லியே மாமா, இன்னாத்துக்கு மிதிக்கிறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்ஜின் மூச்சு வுடணும் பாப்பா."

அந்தக் கடைசி வீடு நைனாவின் பங்காளி ஒருவருடையது. அவரைப் பெரியநைனா என்பேன். அவருடைய ஒரே மகளை அக்கா என்பேன். அக்கா அதிகம் பேசாது. அந்த வீட்டு வாசலில் இன்ஜின் மட்டும்தான் மூச்சு விட்டது என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கரையோரப் பாடு பெரியநைனாவின் முறை. மடவை மீன் சத்தத்துக்குத் துள்ளும் சாதி. வலையை வளைத்துவிட்டால் படகில் இருப்பவர்கள் இருமலைக்கூட விழுங்கிக்கொள்வார்கள். அந்த நேரம் பார்த்து மாமாவின் கார் கடைசி வீட்டருகே மூச்சு விட்டிருக்கிறது. வளைத்த மீன் அவ்வளவும் வலையைத் தாண்டித் துள்ளி ஏரிக்கே திரும்பிப் போய்விட்டது. பெரியநைனா வெறும் வலையோடு கரையேறி நேராக ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனார். "வேலியில போற ஓணான எடுத்து மடியில வுட்டுக்கின கதையா பூட்ச்சே மச்சான்" என்று நைனா தலையில் கைவைத்துக்கொண்டார்.

கோயில் எதிரில் ஊர் கூடியது. மீனுக்கும் காருக்கும் வழக்கு என்பதால் கூட்டம் கொஞ்சம் அதிகம். ஊர்த் தலைவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பழைய கொழாய மாட்டு. இல்லாங்காட்டி, வலை கெடக்கிற நேரத்துல கடைசி வூட்லேர்ந்து மதகு வரைக்கும் இன்ஜின் ஓடக்கூடாது. தள்ளிக்கினு போ."

"பழசு ஒடஞ்சி போச்சி. தள்ளிக்கிறேன்" என்றார் மாமா.

பழைய குழாய் உடையவில்லை. கருவாட்டுக் கூடையைப் பூனை திறக்காமலிருக்க அம்மா அதைத்தான் மேலே பாரமாக வைத்திருந்தாள். அதைச் சபையில் சொல்ல நான் வாயைத் திறந்தபோது அம்மா என் தொடையில் கிள்ளினாள். தழும்பு இல்லையே தவிர, இடம் இன்னும் ஞாபகமிருக்கிறது.

சரி, இவர் தள்ளுகிறாரா என்று யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. அந்த நேரத்தில் ஆண்கள் எல்லாரும் தண்ணீரில் இருப்பார்கள். வழக்குப் போட்டவர் வீட்டார்தான் பார்க்கவேண்டும் என்று முடிவாயிற்று. பெரியநைனா படகில், அவர் மனைவி சந்தையில். மீதி இருந்தது அக்காதான். அனுபவப்பட்ட பெரியவர்கள் அத்தனை பேர் கூடி, வெற்றிலை போட்டு, நிதானமாக யோசித்துத்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள்.

மறுநாளிலிருந்து நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, மாமா பின்னாலிருந்து தள்ளினார். அக்கா காவலுக்குக் கூடவே நடந்துவந்தது. பின்னால் பார்க்கிற கண்ணாடியைக் கோழிகள் காலத்திலேயே யாரோ கழற்றிவிட்டதால், எனக்கு முன்னால் இருக்கும் பாதை மட்டும்தான் தெரியும். சில சமயம் பின்னால் தணிந்த குரலில் பேச்சு கேட்கும். மாமா இன்ஜின் போட அனுமதி கேட்டுக் கெஞ்சுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அக்காவைக் கண்டாலே எரிந்தது.

மதகு வந்ததும் மாமா ஏறி ஸ்டார்ட் செய்து போய்விடுவார். நான் அக்காவோடு திரும்பி நடந்து வரவேண்டும். வழியில் அது கேள்வி கேட்கும். மாமாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும், கோபம் வருமா, சாராயம் உண்டா, மெட்ராஸுக்குப் போவதாகச் சொல்கிறாரே நிசமா. எதிரி உளவு பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு, மாமா கோபம் வந்தால் ஆளை அடித்துப் போட்டுவிடுவார் என்று சொல்லிவைத்தேன். மாமா கரப்பான்பூச்சியைக்கூடக் கையில் எடுத்து வெளியே விடுகிறவர். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, முந்தானையில் முடிந்திருந்த பனங்கிழங்கை எடுத்துத் தரும். எதிரி கொடுத்ததை வாங்கக்கூடாதுதான். ஆனால் நன்றாக வெந்திருக்கும்.

மதகுக்கு அப்பால் பாதை ஏரியை விட்டு விலகி வேலிகாத்தான் புதருக்குள் போகும். அங்கே கத்தினாலும் மீனுக்குக் கேட்காது. அப்படியிருக்க, ஒருநாள் மதகைத் தாண்டியும் கார் நகர்ந்துகொண்டே இருந்தது. சுண்ணாம்புக் காளவாய் வந்த பிறகுதான் நின்றது. இனிமேல் காளவாய் வரைக்கும் தள்ளவேண்டுமாம், அக்கா சொல்லிவிட்டதாம். கொஞ்ச நாளில் காளவாயும் போதாமல் ரெட்டைப்பனை வரைக்கும் ஆயிற்று. மாமா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நான் இரவில் அவர் தோளைத் தொட்டுப் பார்த்தேன். தோல் காய்த்துத் தடித்திருந்தது. இப்படியே போனால் ஆரம்பாக்கம் வரைக்கும் தள்ளவிடுவார்கள், மாமா வெறுத்துப்போய் மெட்ராஸுக்குப் போய்விடுவார் என்று கணக்குப் போட்டேன்.

அதனால் நானே போய் வழக்குச் சொன்னேன். நைனாவும் பெரியநைனாவும் இன்னும் நாலைந்து பேரும் கரையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"பெரியநைனா, அக்கா ஏமாத்துது. மதகு வரைக்கும்னுதான சொன்னாங்க? அது ரெட்டப்பனை வரைக்கும் தள்ள வுடுது."

பெரியநைனாவின் கையில் வலை ஊசி நின்றது. "எத்தினி நாளா?"

"ரொம்ப நாளா."

"ஒங்க மாமன் ஒண்ணும் கேக்கலியா?"

"கேக்காது. அக்காகிட்ட அதுக்கு பயம்."

யாரும் சிரிக்கவில்லை. நைனா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியநைனா வலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனார்.

நீதி கிடைத்துவிட்டது என்று நான் எதிர்பார்த்த சந்தோஷம் வீட்டில் இல்லை. கடைசி வீட்டில் உரத்த குரல் கேட்டதாக அம்மாவிடம் யாரோ வந்து சொன்னார்கள். அம்மா மாமாவின் சட்டைகளைத் துவைத்து மடித்து, ஒரு பையில் வைத்துவிட்டு, அந்தப் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காரைத் தள்ளும்போது கடைசி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. காவலுக்கு ஆளே இல்லை. மாமா தள்ளினார். மதகு வந்தது.

"மாமா, மதகு வந்திருச்சி. ஸ்டார்ட் பண்ணு."

"தெரியும் பாப்பா. நீ நேரா பாத்து ஓட்டு."

காளவாய் போயிற்று. ரெட்டைப்பனையில்தான் நிறுத்தினார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. பார்க்க யாருமில்லாத இடத்தில் எதற்காகத் தள்ளுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. அவர் முகம் வேர்த்திருந்ததா, நனைந்திருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது.

ஒருநாள் ரெட்டைப்பனை அடியில் பெரியநைனா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"மதகு எங்க கீதுன்னு தெரியாதா ஒனக்கு?" என்று மாமாவைக் கேட்டார்.

"தெரியும்."

"அப்புறம் இன்னாத்துக்கு தள்றே?"

மாமா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஸ்டார்ட் பண்ணலாம்னு சொல்ல வேண்டியவங்க சொல்லலியே."

பெரியநைனா அவரைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். பிறகு, "நான் சொல்றேன். ஸ்டார்ட் பண்ணு. பொம்பளைங்க ரயில்லேர்ந்து எறங்கி காத்துக்கினு இருப்பாங்க" என்றார். என்னைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

அதன் பிறகு பெரியவர்கள் இரண்டு வீட்டுக்கும் போவதும் வருவதுமாக இருந்தார்கள். பாடு இல்லாதவனுக்கா பெண் என்று ஊரில் சிலர் கேட்டார்கள். யாரும் பார்க்காத இடத்திலும் தள்ளினவன் என்று பெரியநைனா பதில் சொன்னாராம். நிச்சயம் ஆன மறுநாள் மாமா கருவாட்டுக் கூடைமேலிருந்து பழைய குழாயை எடுத்துவந்து மாட்டினார். உடைந்தது எப்படிச் சேர்ந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. பந்தயக் குழாய் கோணிக்குள் போயிற்று.

எனக்கு இதெல்லாம் வேறு மாதிரிதான் விளங்கியிருந்தது. என் புகாரைப் பெரியவர்கள் விசாரித்துவிட்டார்கள்; எல்லையைத் தள்ளித் தள்ளி வைத்ததற்குத் தண்டனையாக அக்கா இனிமேல் எங்கள் வீட்டில் இருந்து எங்களுக்குச் சோறாக்கவேண்டும். அதற்கு மாலை எதற்கு, மேளம் எதற்கு என்று யோசிக்காமல் இல்லை. ஊர் முழுக்கத் தெரியும்படி செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து அக்காவைச் சைலன்சர் மாட்டிய காரில் கூட்டிவந்தார்கள். வீட்டுக்குள் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து அது அழுதுகொண்டே இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். செய்தது தப்புதான். ஆனால் தண்டனை கொஞ்சம் அதிகம் என்று தோன்றியது. மனசு கேட்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அழாதக்கா. கொஞ்ச நாள்தான். அப்பால வுட்டுருவாங்க" என்றேன்.

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. எத்தனை நாள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நைனாவிடம் சொல்லிக் குறைத்து வாங்கித் தந்திருப்பேன்.