மூன்று மணி மீன்தொட்டி

மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கொளஞ்சி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மேசைமேல் வைப்பார். பேனாவின் கிளிப் வெயிலில் மினுக்கினால் தொட்டிக் கண்ணாடியில் தெரிந்துவிடும். தலைமுடியைக் கையால் படிய வாரிக்கொண்டு, கேமராவுக்கு இடப்பக்கம் போய் நிற்பார். மீன்களுக்கு இரை தூவிவிட்டுப் பத்து நிமிடம் அசையமாட்டார். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டுவதில்லை.

திண்டிவனத்தில் ஓர் இரும்புக்கடை மாடியில் இருந்தது ஓங்கூர் விஷன். 1993-ல் மொட்டைமாடியில் ஒரு டிஷ், கீழே ஒரு வீடியோ டெக், நாளைக்கு இரண்டு படம் என்று தொடங்கிய சேனல். ஊருக்குள் முதல் வயரை இழுத்தவர் கொளஞ்சி. படிப்பு ஒன்பதாவதோடு சரி. ஆனால் எந்தத் தெருவில் படம் புள்ளி புள்ளியாக வருகிறது என்று சொன்னால் போதும், எந்தக் கம்பத்தில் எந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. 2005-ல் சென்னைக் கம்பெனி ஒன்றோடு சேனல் சேர்ந்தது. மரக்காணத்துக் கடற்கரைக் குப்பங்கள் வரை வயர் போயிற்று. நாள் முழுதும் கம்பெனியின் நிகழ்ச்சிகள். மதியம் இரண்டரை முதல் மூன்றரை வரை மட்டும் உள்ளூருக்கு விட்டார்கள்.

பிறந்தநாள் வாழ்த்து, பெருமுக்கல் மலைக்கோயில் திருவிழா, கடை விளம்பரம் எல்லாம் அரைமணியில் தீர்ந்துபோகும். மிச்ச நேரத்துக்கு மீன்தொட்டியின்முன் கேமராவை நிறுத்திப் பாட்டை ஓடவிடுவது கொளஞ்சியின் யோசனை. ஏழு மீன்கள். வாரம் ஒருமுறை மணலை அலசிப் போடுவார். “நம்ம நியூஸ் வாசிக்கிறவனவிட மீனுங்க தேவலைடா, தப்பு பண்றதில்ல” என்பார் முதலாளி இருதயராஜ். பெரிய மீன் மூலையிலேயே கிடக்கிறதே, அதற்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்துப் போன் செய்கிறவர்கள் இருந்தார்கள்.

2009 தை மாதம் ஒரு பெண் போன் செய்தாள். மரக்காணத்துப் பக்கக் குப்பத்திலிருந்து பேசுவதாகச் சொன்னாள். பெயர் சின்னபொண்ணு.

“அண்ணா, தொட்டித் தண்ணிக்குள்ள நின்னுக்கினு இருக்கிறது யாரு?”

யாருமில்லையம்மா, மீன்தான் என்று சொல்லிக் கொளஞ்சி போனை வைத்துவிட்டார். மறுநாளும் போன். மூன்றாம் நாள், தொட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டு அவள் விவரம் சொன்னாள். புருஷன் பெரியதம்பி ஐப்பசியில் கடலுக்குப் போனவர். நான்கு நாள் கழித்துப் படகு மட்டும் கரை ஒதுங்கியது. காரியம் பண்ணிவிடலாம், தாலியைக் கழற்று என்று கொழுந்தன்மார் நாள் குறித்துவிட்டார்கள். “நான் எப்பிடிண்ணா கழட்டுவேன்? மூணு மணிக்கு வந்து நிக்கிறாரே.”

அவளை லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கேமரா பக்கத்தில் நின்றபடியே கொளஞ்சி மானிட்டரைப் பார்த்தார். பாசிச் செடிகளுக்கு நடுவே, மார்பளவுக்கு, ஒரு கறுத்த ஆள். ஒரு பக்கத் தோளில் மட்டும் வெளிச்சம். மீன்கள் அந்த உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் வந்தன. அப்புறம்தான் மேற்கு ஜன்னல் வெயில் தன்மேல் அடிப்பதையும் எதிரே தொட்டிக் கண்ணாடி இருப்பதையும் கவனித்தார். சோதித்துப் பார்ப்போம் என்று இடது கையைத் தூக்கினார். தண்ணீருக்குள் இருந்தவரும் தூக்கினார்.

போனில் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. “கைய காட்டறாருண்ணா.”

அது நான்தானம்மா என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் போனை வைத்துவிட்டு, கொழுந்தன்மாரைக் கூப்பிட ஓடிவிட்டாள். காரியம் நின்றுபோயிற்று.

“பாவம் புடிக்கும்டா, சொல்லித் தொலை” என்றார் இருதயராஜ். சொல்ல மனம் வராமல் மறுநாள் ஜன்னலுக்குப் போர்வை கட்டினார் கொளஞ்சி. நிழல் விழவில்லை. சாயந்திரம் சின்னபொண்ணு போனில் அழுதாள். என்ன குற்றம் செய்தேன், ஏன் வரவில்லை என்று அவரிடமே கேட்டாள். அடுத்த நாள் போர்வையை அவிழ்த்துவிட்டு, மூன்று மணிக்குப் போய் நின்றார். அன்று தொடங்கியது, மூன்றரை வருடம் ஓடியது. வீட்டில் கல்யாணம் என்றாலும் அந்தப் பத்து நிமிடத்துக்கு வந்துவிடுவார்.

ஒரே ஒரு நாள் முடியவில்லை. 2012 ஆவணியில் விழுப்புரத்தில் கம்பெனி கூட்டம். உள்ளூருக்கு விட்ட ஒரு மணி நேரத்தையும் மாதக் கடைசியோடு எடுத்துக்கொள்ளப் போவதாக அங்கே சொன்னார்கள். அன்று கேமராவைத் தானாக ஓடவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோயிருந்தார். ஐந்து மணிக்கு வந்து திறந்து இரை தூவினார். பசித்திருக்க வேண்டிய மீன்கள் ஒன்றுகூட மேலே வரவில்லை.

மறுநாள் வழக்கம்போல் போன் வந்தது. அவள் குரலில் ஒரு நிம்மதி.

“நேத்து ரொம்பக் கிட்ட வந்துட்டாருண்ணா. எப்பவும் மூஞ்சி தெளிவா தெரியாது. நேத்து நல்லா தெரிஞ்சிது. தாடி வெச்சிருக்காரு.”

கொளஞ்சி ஒருநாள் விடாமல் முகம் மழிப்பவர். கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து தொட்டிமுன் நிற்கும்போது அவர் மானிட்டர் பக்கம் திரும்பவில்லை. இருதயராஜிடமும் இதைச் சொல்லவில்லை.

கடைசி நாள் வந்தது. அத்தனை வருடத்தில் அவராக அவளுக்குப் போன் செய்தது அன்றுதான். நாளையிலிருந்து மீன்தொட்டி வராது, கம்பெனி சீரியல் போட்டுவிடுவார்கள் என்றார். மறுமுனையில் கடல் இரைச்சல் கேட்டது.

“இன்னிக்குதான் கடைசின்னு அவருக்குத் தெரியுமாண்ணா?”

“தெரியும்மா.”

“அப்ப சொல்லிக்கினுதான் போவாரு. நான் தலைக்கு ஊத்திக்கினு வந்து குந்தறேன். அவரு போனப்புறம் கழட்டிக்கலாம்னு கொழுந்தனாருங்ககிட்ட சொல்லிட்டேன்.”

மூன்று அடிக்க ஐந்து நிமிடம். வெயில் மேற்கு ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிப் பக்கம் இரண்டடி வைத்த கொளஞ்சி நின்றார். அதற்குமேல் போகவில்லை. பாட்டின் ஒலியை முழுதாகக் குறைத்தார். திரும்பி நடந்து வெளியே வந்து, புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொண்டிருக்கும் அறையைச் சாத்துவதுபோலக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். கொதிக்கும் இரும்புப் படியில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார்.