வெள்ளையாக விட்ட இடம்

தேவகுமாரி டீச்சருக்கு வரைபடம் என்றால் அப்படியொரு ஆசை. அதற்குக் காரணம் அவள் அப்பா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து மண்டபம் முகாமில் நின்றபோது, எந்த ஊருக்குப் போகிறாய் என்று அதிகாரி கேட்டாராம். அந்த மனுஷனுக்கு இந்தியாவில் ஓர் ஊரும் தெரியாது. “குளிர்ற ஊராப் பாத்துப் போடுங்கய்யா” என்றிருக்கிறார். அப்படித்தான் கொடைக்கானல் மலைக்கு வந்து, மரம் வெட்டி, மகளைப் படிக்கவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இனி தன்னிடம் படிக்கிற பிள்ளைகளில் யாரும் அப்படி முழித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது டீச்சரின் வைராக்கியம். நல்ல வைராக்கியம்தான். அதுதான் அவளைக் கவிழ்த்தது.

அவளுடைய தொடக்கப் பள்ளி, அடுக்கம் போகிற வழியில் ஒரு சரிவில் இருக்கிறது. படிப்பதெல்லாம் கீழ் லயத்துப் பிள்ளைகள். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளை லயம் என்பார்கள்; தகரப் பெட்டிகளோடு இலங்கையிலிருந்து கூடவே வந்த சொல். டீச்சர் குடியிருப்பதும் அங்கேதான்.

பருவநிலை மாற்றம் பற்றிப் பாடம் எடுக்கச் சொல்லி மேலே இருந்து உத்தரவு வந்தது. கூடவே ஒரு படமும் வந்தது, அதில் பனிக்கரடி. பிள்ளைகள் கரடிக்காகக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தேடினார்கள். சின்னப் பிள்ளைகளைச் சொல்லி என்ன, அந்தப் படத்தை அனுப்பியவர்களைச் சொல்ல வேண்டும்.

டீச்சர் கரடியைச் சுருட்டி வைத்தாள். சார்ட் அட்டையில் தமிழ்நாட்டை வரைந்தாள். வெளியூரில் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் போன் போட்டு, அங்கே மழை வெயில் எப்படி என்று கேட்டு வரவேண்டும் என்றாள். பிள்ளைகள் கொண்டுவந்து கொட்டினார்கள். கடலூர் அத்தை வீட்டில் கட்டில் வரைக்கும் வெள்ளம். அங்கே நீலம் அடித்தார்கள். ராமநாதபுரத்தில் கிணறு உப்பாகிவிட்டது, மஞ்சள். திருப்பூரில் அண்ணன் வெக்கையில் ராத்திரியும் தூங்க முடியாமல் மொட்டை மாடியில் கிடக்கிறான், சிவப்பு. தங்கள் மலைக்கு மண் சரிவென்று தவிட்டு நிறம்.

அட்டை நிறைந்துகொண்டே வந்தது. ஐந்தாம் வகுப்பு ஜெயப்பிரியா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். “எல்லா ஊரும் கெட்டுப் போச்சா டீச்சர்?”

அந்த முகத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை. பழனிக்கு வடக்கே தாராபுரம் பக்கம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. அங்கே யாருக்கும் சொந்தக்காரர் இல்லை, அவ்வளவுதான். “இல்லத்தா. இந்தா, இது நல்லாத்தான இருக்கு” என்றாள். பிள்ளை சிரித்துவிட்டது. டீச்சருக்கும் நிம்மதி.

அந்த வாரமே ஜெயப்பிரியாவின் அம்மா ராக்கம்மாவும் அப்பா சுரேந்திரனும் பள்ளி விட்ட பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

“வீட்டுப் பின்சுவரு வாயப் பொளந்து கெடக்குங்க டீச்சர்” என்றாள் ராக்கம்மா. “மழ பேஞ்சா தரைக்கு அடியில தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. எந்த ஊரு நல்லாருக்குன்னு உங்ககிட்ட மேப்பு இருக்குன்னு பிள்ள சொல்லுச்சு.”

அதற்குள் சுரேந்திரன் வெள்ளை இடத்தில் விரலை வைத்துவிட்டான். “இது எந்தப் பக்கமுங்க?”

“தாராபுரம்.”

“அங்கிட்டு ஒரு தொந்தரவும் இல்லீங்களா?”

வெள்ளை என்றால் நல்ல ஊர் இல்லை, நாம் கேட்காத ஊர். இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பிள்ளைக்குச் சொன்னதை அதன் முன்னாலேயே எப்படி மாற்றுவது? “அங்க மலை இல்ல. மண்ணு சரியுமோங்கிற பயம் இருக்காது” என்றாள். அது பொய்யில்லை. பொய்யில்லை என்பதையே பிடித்துக்கொண்டு அன்றைக்குத் தூங்கியும் விட்டாள்.

அவர்கள் தாராபுரத்துக்கே குடிபோனார்கள். கார்த்திகை மழையில் சரிவு இறங்கியது. லயத்தின் கோடியில் பூட்டிக் கிடந்த அவர்கள் வீட்டை மண் மூடியது. “டீச்சர் சொல்லித்தான் பொழச்சாக” என்று லயமே பேசியது. டீச்சர் அதை மறுக்கவில்லை. உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனாள்.

சித்திரையில் போன் வந்தது. ஜெயப்பிரியா.

“அம்மா கொப்பரைக் களத்துல வேல பாத்துச்சு டீச்சர். தேங்காயக் காயப் போடுற எடம், நெழலே கெடையாது. மத்தியானம் மயங்கி விழுந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் பொழைக்கல. முந்தாநாள் எடுத்தாச்சு.”

டீச்சர் போனோடு வகுப்புக்கு வெளியே வந்தாள். பிறந்ததிலிருந்து மலைக் குளிரில் வளர்ந்த உடம்பு அது. அதை வெயிலுக்கு அனுப்பியவள் தான்தான். இங்கே வந்துவிடு என்று சொல்ல நாக்கு எழுந்தது. எங்கே வருவது? வீடு மண்ணுக்கடியில் கிடக்கிறது.

“டீச்சர், அந்த மேப்பு இன்னும் மாட்டியிருக்கா?”

“இருக்குத்தா.”

“எங்க ஊருக்குச் சிவப்பு அடிச்சிருங்க. வேற யாரும் பாத்துட்டு வந்துறப் போறாங்க.”

பிறகு சுரேந்திரன் போனை வாங்கினான். “உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க டீச்சர். அங்கன இருந்திருந்தா எல்லாரும் மண்ணுக்குள்ள போயிருப்போம்” என்றான். அவன் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, டீச்சர் உள்ளே வந்து கிரேயானை எடுத்துத் தாராபுரத்தில் சிவப்பு அடித்தாள். அட்டையில் வெள்ளை என்று எதுவும் மிஞ்சவில்லை.

மணி அடித்து எல்லோரும் போன பிறகு வாசலில் சுந்தரராஜ் நின்றார். லயத்தில் ராக்கம்மா வீட்டுக்கு அடுத்த வீடு. அவர் வீட்டுச் சுவரிலும் இப்போது விரிசல். ராக்கம்மாவின் சேதி அவருக்கு இன்னும் தெரியாது.

“நமக்கும் ஒரு ஊரு சொல்லுங்க டீச்சர். அடுத்த மழைக்குள்ள வெரசாக் கெளம்பணும்.”

அவள் ராக்கம்மாவின் சேதியைச் சொன்னாள். சுந்தரராஜ் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். அட்டையில் நிறங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப எங்கிட்டுத்தாங்க போறது?”

“தெரியலைங்க” என்றாள் தேவகுமாரி.

சுந்தரராஜ் போகவில்லை. டீச்சர் யோசித்துச் சொல்லுவாள் என்று வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.