போகிறவனா, வருகிறவனா?

இந்த ஊரில் மனிதர்கள் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டே போகிறார்கள். கோலாலம்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம், எங்கள் கம்பெனித் துரை தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு 'ஐ ஆம் கோயிங்' என்றார். எனக்குப் பகீர் என்றது. நல்ல மனிதர், வாயால் இப்படிச் சொல்லிக்கொண்டு போகிறாரே, நாளைக்கு ஆபீஸ் திறக்குமா என்று கவலைப்பட்டேன். மறுநாள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். நானோ, ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று நாகப்பட்டினத்துக் கப்பலைப் பிடிக்கும் அவசரத்தில் 'போறேன்' என்று வாய்தவறிச் சொன்ன குற்றத்துக்காக வண்டியிலிருந்து இறக்கப்பட்டு, அம்மா கையால் ஒரு செம்புத் தண்ணீர் குடித்து, 'போயிட்டு வரேன்' என்று திருத்திச் சொன்ன பிறகே அனுப்பப்பட்டவன். கப்பல் காத்திருந்தது, அதற்கும் ஒரு தாய் இருந்திருக்க வேண்டும்.

துரைக்கு எங்கள் இங்கிலீஷைத் திருத்துவது, நமக்குச் சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை மாதிரி. ஒருவரை மேஜைக்கு முன்னால் நிறுத்தி, ஆபீஸ் முழுவதும் கேட்கத் திருத்துவார். அரிசி என்றால் 'மச்', அரிசி மூட்டை என்றால் 'மெனி' என்பது எனக்கு அங்கேதான் உறுதிப்பட்டது. மழைக்கும் மனிதருக்கும் கொசுவுக்கும் 'நிறைய' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நீங்களெல்லாம் ஊரில் எப்படித்தான் பிழைக்கிறீர்களோ! நான் பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பது 'இன்'னிலா, 'அட்'டிலா என்று தெரியாமலே மாதாமாதம் வாடகை கொடுத்து வந்தேன். 'இன்' என்று துரை தீர்ப்புச் சொன்ன அன்று வீட்டுக்குள் சற்று நிமிர்ந்தே நுழைந்தேன். இதிலெல்லாம் எனக்கு ரோஷம் கிடையாது. இரவல் சட்டைக்குச் சொந்தக்காரன் சொல்கிற இடத்தில்தான் பொத்தான் போட வேண்டும்.

இப்படி நல்ல மாணாக்கனாக இருந்தவன் கெட்டது தங்கவேலுவால். என் பக்கத்து மேஜைக் குமாஸ்தா. அவனுடைய முதல் குழந்தை தங்கவில்லை. இரண்டாவது பிரசவத்துக்கு மனைவியைக் காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வேலைக்கு வந்திருந்தான். மத்தியானம் ஆள் வந்து, நிலைமை சரியில்லை, உடனே வரவேண்டும் என்றான். தங்கவேலு துரையிடம் ஓடி விஷயத்தைச் சொல்லி, 'ஐ கோ அண்ட் கம், சார்' என்றான். துரை அன்று குஷியாக இருந்தார். 'கோயிங் ஆர் கமிங்?' என்றார். போகிறவனா, வருகிறவனா? 'ஐ ஆம் கோயிங்' என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டு உடனே போகலாமாம். அவருக்கு அது விளையாட்டு. தங்கவேலு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கண் வாசலில் இருந்தது. சொல்லாமல் ஓடினால் வேலை போகும். சொன்னால் வேறு எது போகுமோ?

அந்தச் சமயம் தலைமைக் குமாஸ்தா நாற்காலி காலியாக இருந்தது. அது எனக்குத்தான் என்று ஆபீஸே பேசிற்று. யாரும் இல்லாத வேளையில் நானும் அதில் உட்கார்ந்து பார்த்திருந்தேன். அப்பேர்ப்பட்டவன் எழுந்து நின்றதில் எனக்கே ஆச்சரியம். 'மச்', 'மெனி', 'இன்', 'அட்' எல்லாம் உங்கள் சொத்து, நீங்கள் சொன்னபடி கேட்டேன். விடைபெறுகிற வார்த்தை எங்கள் சொத்து, அதில் நீங்கள் கைவைக்க வேண்டாம் என்று இங்கிலீஷிலேயே சொன்னேன். அதில் எத்தனை பிழையோ! பிறகு துரையைப் பார்க்காமல் தங்கவேலுவிடம் திரும்பினேன்.

"போயிட்டு வா தம்பி. இங்க நான் பாத்துக்கிறேன்."

"போயிட்டு வரேண்ணே" என்று ஓடினான்.

துரை அன்று யாரையும் திருத்தவில்லை. ஐந்து மணிக்கு அவர் மேஜைக்கு முன்னால் நின்று, 'ஐ வில் கோ அண்ட் கம், சார்' என்றேன். எனக்குப் பின்னால் வந்த குமாஸ்தாக்களும் அதையே சொன்னார்கள். கடைசியாக வந்த சீனக் கணக்கர், இதில் தமக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாவிட்டாலும், இந்த ஊர்ப் பேச்சு வழக்கப்படி ஒரு 'லா'வும் சேர்த்து, "ஐ கோ அண்ட் கம் லா, சார்" என்றார்.

தங்கவேலுவுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நாற்காலிக்கு வேறு ஆள் வந்தார். என்னைத் துறைமுகப் பக்கம் கிள்ளானில் இருந்த கம்பெனிக் கிடங்குக்கு மாற்றினார்கள். "உங்க இங்கிலீஷ அடுப்புல வச்சா ஒரு உலை கொதிக்குமா?" என்றாள் என் மனைவி. பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டே, "கிள்ளான்ல மீனு மலிவாம். எந்திரிங்க" என்றாள். அவ்வளவுதான், எங்கள் வீட்டில் அந்த வழக்கு முடிந்தது.

போன வருஷம் லீவில் ஊருக்குக் கப்பலேறியபோது தங்கவேலு குடும்பத்தோடு துறைமுகத்துக்கு வந்திருந்தான். அவன் இடுப்பில் இருந்தபடியே மகள், "போயிட்டு வாங்க பெரியப்பா" என்று உத்தரவு போட்டாள். "வரேம்மா" என்றேன். லீவு முடிந்து திரும்பும்போது நாகப்பட்டினத்துக் கரையில் என் அண்ணன் நின்றார். "போயிட்டு வாடா" என்றார். அவரிடமும் "வரேண்ணே" என்றேன். கரை மறைந்ததும் துரையின் கேள்வி எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு கரையிலும் வாக்குக் கொடுத்தாயிற்று. இரண்டிலும் யாரோ அதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டில் ஒன்றைச் சொல் என்று யார் நிறுத்திவைத்துக் கேட்டாலும் சொல்வதாக இல்லை. கப்பல் தளத்தில் பாயை விரித்தேன். எந்தக் கரைப் பக்கம் தலையை வைப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குறுக்கே படுத்துக்கொண்டேன்.