மூன்று மெதுவான பந்துகள்

தொண்ணூறுகளின் நடுவில் நியூசிலாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் நான் வேலை செய்த தொழிற்சாலையில், கோடைகால ஞாயிறுகளில் ஒரு பகுதிக்கு எதிராக இன்னொரு பகுதி, பேஸ்போல் போன்ற சொஃப்ட்போல் ஆடுவோம். பொதிகட்டும் பகுதியின் மேற்பார்வையாளர்தான் எங்கள் அணிக்குப் பந்து எறிபவர். ஒரு காலத்தில் விக்கெட் காத்தவன் என்று நான் வாய்தவறிச் சொன்னதால், ஐம்பது வயதில் என்னைத் துடுப்புக்காரனின் பின்னால் பந்து பிடிக்கக் குந்தவைத்தார்கள்.

என்ன பந்து எறிவது என்பதை எறிபவர் தனியே முடிவெடுப்பதில்லை. பிடிப்பவன் தொடைகளுக்கிடையில் விரல் காட்டுவான். ஒன்று என்றால் வேகப்பந்து, இரண்டு என்றால் கீழே விழுவது, மூன்று என்றால் மெதுவானது. அதில் விருப்பமில்லாவிட்டால் எறிபவர் தலையாட்டி மறுப்பார். ஒருவன் எந்தப் பந்துக்கு அவசரப்படுகிறான், எதற்குப் பின்வாங்குகிறான் என்று அவன் கால்களைப் பார்த்து வைத்திருப்பேன். வேகமாக ஒன்று வந்தால் உடம்பு அடுத்ததையும் அப்படியே எதிர்பார்க்கும். மெதுவான பந்து ஏமாற்றுவது அப்போதுதான். அதையே திரும்பக் கேட்டால் துடுப்பு பழகிவிடும் என்பதால் அடுத்தடுத்துக் கேட்கமாட்டேன். ஊரில் கணிதம் படிப்பித்துவிட்டு இங்கே பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு மூளைக்கு வேலை கிடைத்த ஒரே இடம் அந்த மைதானம்.

களஞ்சியத்தில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டிய எங்களூர்க்காரன் ஒருவன் எதிரணியில் ஆடினான். நாங்கள் குடியிருந்த மவுண்ட் ரோஸ்கிலிலிருந்து தினமும் அவனுடைய காரில்தான் வேலைக்குப் போவேன். ஒருநாள் வழியில் சொன்னான்:

"மாஸ்டர், எனக்கு இடது கண் மங்குது. தூரம் பிடிபடுதில்லை."

"டொக்டரிட்டக் காட்டினியே?"

"காட்டினால் வண்டியால இறக்கிப்போடுவாங்கள். மனிசி பிள்ளையளுக்கு விசா வாறவரைக்கும் இந்த வேலை நிக்கவேணும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"ஓமோம். முதல்ல நீ ரோட்டைப் பார்."

இருவரும் சிரித்தோம்.

அந்தக் கோடையின் கடைசி ஆட்டத்தில், இன்னும் ஒருவனை வீழ்த்தினால் எங்களுக்கு வெற்றி. துடுப்போடு வந்தவன் அவன். மூன்று தரம் வீசித் தவறினால் ஆட்டமிழப்பான்.

"மாஸ்டர், எழும்பேக்க முழங்கால் கழண்டு விழப்போகுது, கவனம்" என்று பகிடி பண்ணினான்.

நான் மூன்று விரல் காட்டினேன். பந்து வந்து சேருமுன்பே வீசி முடித்துவிட்டான். மறுபடியும் மூன்று. மறுபடியும் காற்றை அடித்தான். மூன்றாம் தடவையும் அதையே கேட்டபோது மேற்பார்வையாளர் தலையாட்டி மறுத்தார். நான் விரல்களை மாற்றவில்லை. அவரும் எறிந்தார். நாங்கள் வென்றோம்.

அவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். என்ன துணிவில் மூன்று தரம் கேட்டாய் என்றார்.

"அவனுக்கு இடது கண் சரியில்லை. தூரம் தெரியாது" என்றேன், பெருமையோடு.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது.

அடுத்த வாரம் அவனைக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். போர்க்லிப்டிலிருந்து இறக்கினார்கள். வேறு இடம் இல்லையென்று பிறகு வேலையிலிருந்தே நிறுத்தினார்கள். கடைசி நாள் காரில் அவன், "ஆரோ சொல்லிப்போட்டாங்கள், மாஸ்டர். ஆரெண்டுதான் தெரியேல்லை" என்றான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண் மங்கியவன் அந்த வண்டியைத் தொடர்ந்து ஓட்டியிருந்தால் யாராவது நசுங்கியிருப்பார்கள் என்று பல வருடங்களாக எனக்கே சொல்லிவந்தேன். அது உண்மை. ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கவலை இருந்திருந்தால் முதல்நாளே அவனைக் கட்டாயப்படுத்தி டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பேன். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கத்தான் சொன்னேன்.

சில மாதங்களின் பின், காய்கறித் தோட்டங்கள் நிறைந்த புக்கெகோஹிக்குப் போய் அவனைப் பார்த்தேன். கொட்டகையொன்றில் கரட் தரம்பிரித்துக்கொண்டிருந்தான். நிரந்தர வேலை இல்லாததால் குடும்பத்தின் விசா இழுபட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கதைத்தோம். பிறகு கையை நிறுத்தாமலே கேட்டான்:

"ஏன் மாஸ்டர், அண்டைக்கு மூண்டும் மெதுப்பந்து?"

"அது பந்து எறிஞ்சவரின்ரை முடிவு. நான் வேற காட்டினனான்" என்றேன்.

இந்தப் பொய்யைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"அப்பிடியே?" என்றான். "ஒருக்காக் கேட்டதை நீங்கள் திருப்பிக் கேக்கமாட்டியள். அதை நம்பித்தான் பிறகு ரெண்டுதரமும் வேகப்பந்துக்கு நிண்டனான். கண்ணால இல்லை."

அதன்பின் என்னைப் பார்க்காமல் அடுத்த பெட்டியை இழுத்தான்.